ஆறாம் நாள்

“அத இன்னிக்குத் தூக்கிப் போடாதீங்க டாக்டர். நாளைக்கு வரைக்கும் வைங்க.”

டாக்டரிடம் எதையும் கேட்கவே கூடாது என்று மாமியார் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். கைராசிக்கார டாக்டராம், எதிர்த்துப் பேசினால் ராசி போய்விடுமாம். ராசிக்கு அவ்வளவு ரோஷம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பக்கத்து நாற்காலியில் இருந்த வீட்டுக்காரர் என் காலை மிதித்தார்.

சோதனைக்குழாய்க் குழந்தைக்காக இது மூன்றாவது முறை. இருபத்தொன்பது வயதிலேயே என் கருமுட்டைகள் தீர்ந்துகொண்டிருந்தன. இனி எடுக்க ஒன்றும் இருக்காது என்று டாக்டரே கையை விரித்திருந்தார். ஐந்து முட்டைகள் கருவாயின. மூன்றாம் நாள் இரண்டு வளராமல் அப்படியே நின்றுபோயின, நான்காம் நாள் இன்னும் இரண்டு. இன்று ஐந்தாம் நாள். மிச்சம் இருப்பது ஒன்று, அதுவும் சவலை.

ஐந்தாம் நாள் மதியத்துக்குள் உரிய வளர்ச்சிக்கு வராத கருவைக் கழித்துவிடுவது அந்த மருத்துவமனையின் வழக்கம். மெதுவாக வளர்வது கருப்பையில் ஒட்டாது, ஒட்டினாலும் தங்காது, உடம்புதான் கெடும் என்று டாக்டர் நீளமாக விளக்கினார். இருக்கலாம். ஒட்டாமல் போனால் வரவேற்பறைப் பலகையில் இருக்கும் வெற்றிக் கணக்கு இறங்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

கருக்களைப் பார்த்துக்கொள்ளும் லேப் பெண்ணைக் கூப்பிடச் சொன்னேன். தலைக்கு உறையும் மாஸ்க்குமாக வந்து நின்றாள். அது செத்துவிட்டதா என்று கேட்டேன். அவள் டாக்டரைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

“உயிரோடதான் இருக்கு. காலையில பாத்ததுக்கு இப்பக் கொஞ்சம் வளந்திருக்கு. ஆறாம் நாள் தேறுறதும் உண்டு. கம்மிதான்.”

நாம் என்ன டாக்டருக்கா படித்திருக்கிறோம் என்றார் வீட்டுக்காரர். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். குத்துவதென்றால் எல்லோரும் அந்தப் படிப்பில்தான் குத்துவார்கள்.

“நானும் அரியர் வச்சு, லேட்டாத்தான் டிகிரி முடிச்சேன்,” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் கெஞ்சினேன். ஆமாம், நான்தான். ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்று மூக்கு ஒழுகக் கெஞ்சினேன். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஒரு தாளை நகர்த்தினார். கருவைக் கழிக்கச் சம்மதம் என்று தலைப்பு. வீட்டுக்காரர் காலையிலேயே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், கையெழுத்துப் போட்டிருந்தார்.

காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தே பழகிய குடும்பம் எங்களுடையது. நான் கடைசி வரி வரை படித்தேன். இருவரும் கையெழுத்திடாமல் கழிக்கக் கூடாது என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது.

“தங்காதும்மா,” என்றார் டாக்டர். குரலில் கோபம் இல்லை.

“போட்டுடும்மா,” வீட்டுக்காரர் பேனாவை என் கையில் திணித்தார். “போன தடவ கலஞ்சப்ப மாதிரி பாத்ரூம் தரையில உன்னப் பாக்க என்னால முடியாது.”

“தங்கலைன்னா என் வயித்துலயே போகட்டும். குப்பையில வேணாம்.”

பேனாவை மூடி அவர் சட்டைப்பையில் சொருகினேன். நாளைக் காலை வருகிறேன் என்று லேப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, என் கையெழுத்து இல்லாத தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தேன்.