சாய்ந்தாடும் பலகை

“ஒண்ணு, ரெண்டு…” தாதி ஆன்னிக் மூன்று சொல்வதற்குள் வேர்லெ விரிப்பை இழுத்துவிட்டாள். அப்பா சுவர்ப் பக்கம் வேகமாகப் புரண்டு முனகினார்.

“மெதுவா, வேர்லெ. இது உங்கப்பா. நீ பட்டறையில தூக்கிப்போடுற அலமாரி இல்ல.”

“அலமாரிய இவ இதவிடப் பதமாத்தான் தூக்குவா,” என்றார் அப்பா ரெமி சுவரைப் பார்த்தபடி. ஐந்து நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. குரலும் பாதியாகியிருந்தது. கிண்டல் மட்டும் குறையவில்லை.

ஆன்னிக் சிரித்துக்கொண்டே அவர் முதுகுக்குத் தலையணையை அண்டக்கொடுத்தாள். முழங்கால்களுக்கு நடுவே இன்னொன்றைச் செருகினாள். இரண்டு மணிக்கொரு தரம் இடமும் வலமுமாகத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் புண்ணாகிவிடும். ஆன்னிக் காலையிலும் மதியத்திலும் மாலையிலும் வருவாள். மற்ற நேரங்களில் வேர்லெயும் அம்மா நெலியும் பார்த்துக்கொண்டார்கள்.

“கட்டில் எப்படி இருக்கு, ரெமி ஐயா?”

“கல்லு மாதிரி. அசையவே மாட்டேங்குது. வேர்லெ, உன் பலகைய எடுத்தாந்து இதுக்கடியில போடுடி.”

“என்ன பலகை?” என்றாள் ஆன்னிக்.

அம்மா மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே நாற்காலியில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். வேர்லெ அதைப் பார்த்தாள். பிப்ரவரியிலிருந்து அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அம்மாவுக்கு வேறு அறையில் வேலை வந்துவிடுகிறது.

பலகையைப் பற்றி வேர்லெதான் சொன்னாள். முன் வருடம் ஈரக் கற்சாலையில் வழுக்கி விழுந்த பிறகு, மழைக்காலத்தில் அப்பாவை வெளியே சைக்கிள் ஓட்ட விடவில்லை. கார் நிறுத்தும் கொட்டகையில், பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, நின்ற இடத்திலேயே மிதிக்கிற மாதிரி வண்டியை ஒரு ஸ்டாண்டில் பூட்டினார்கள். அதில் உட்கார்ந்து சுவரைப் பார்த்து மிதிக்க வேண்டும். வாழ்நாளெல்லாம் மேடுகளில் ஏறி இறங்கிய மனிதர் அரைமணியில் இறங்கிவிடுவார். இருக்கை குத்துகிறது, இடுப்பெலும்பு வலிக்கிறது என்பார்.

அக்டோபரில் அம்மா வைத்தியரிடம் நேரம் வாங்கினாள், வியாழக்கிழமை பத்து மணிக்கு. நேரம் வாங்கிய அன்றே சூப் குடித்துக்கொண்டு வேர்லெ சொன்னாள்: “வைத்தியர் எதுக்கும்மா? ரோட்டுல போனா வண்டி ரெண்டு பக்கமும் சாயும். இங்க இறுக்கிப் பூட்டி வச்சிருக்கோம், எல்லாம் இடுப்புலதான் இறங்கும். நான் ஒண்ணு செஞ்சு தர்றேன், பாருங்க.”

மூன்று சனிக்கிழமைகளில் செய்துவிட்டாள். கீழே ஒரு ஒட்டுப்பலகை, மேலே ஒன்று. நடுவில் நீளவாக்கில் இரும்புத் தண்டு. இருபுறமும் பிள்ளைகள் விளையாடும் ரப்பர் பந்துகள், பாதிக் காற்றோடு. மேல்பலகையில் ஸ்டாண்டை வைத்து ஏறி மிதித்தால், வண்டி இடமும் வலமும் மெல்லச் சாய்ந்து, பந்துகளின் மேல் அமுங்கித் திரும்பும். அப்பா அன்று ஒன்றரை மணி நேரம் மிதித்தார். “வலி போச்சுடி!” என்று ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் சைக்கிள் சங்கத்தாரிடமெல்லாம் சொன்னார்.

வலி நிஜமாகவே போயிருந்தது, ஜனவரி முடியும்வரை. பிறகு பலகைக்கும் அடங்காத வலியாக வந்தபோது, எலும்புக்குள் நோய் பரவியிருந்தது. “நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா…” என்று ஆரம்பித்த வைத்தியர், வேர்லெயின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பக்கத்தில் அம்மா கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அன்றும் ஒன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று பங்குச்சாமியார் கடைசிச் சடங்காக எண்ணெய் பூச வந்தபோது, வேர்லெ அவரிடம் தனியாகப் பேச நினைத்தாள். ஆனால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல அந்தப் பாவத்துக்கு ஒரு பெயர் வேண்டுமே. அவள் திருடவில்லை, பொய் சொல்லவில்லை. அப்பாவுக்கு ஒரு நல்லது செய்தாள். அதைப் பத்துக் கட்டளைகளில் எதன் கீழ் சேர்ப்பது? சாமியாருக்கு அவருடைய மேல்கோட்டை எடுத்துக் கொடுத்து வாசல்வரை போய்விட்டு வந்தாள்.

பதினொரு மணிக்கு அம்மாவும் அவளும் அப்பாவை ஜன்னல் பக்கம் திருப்பினார்கள். அம்மா காபி போடப் போனாள். வெளியே ஆற்றங்கரைப் பாதையில் நாலைந்து பேர் வரிசையாகச் சைக்கிளில் போனார்கள். அப்பாவின் கண் அவர்களோடு கொஞ்ச தூரம் போய்த் திரும்பியது.

இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல முடியாது என்று வேர்லெக்குத் தோன்றியது. கட்டிலருகே மண்டியிட்டு, முகத்தை அவர் முகத்துக்கு நேராகக் கொண்டுபோனாள்.

“அப்பா, அந்தப் பலகை…”

“ம்.”

“அத நான் செய்யாம இருந்திருந்தா, நீங்க அப்பவே வைத்தியர்கிட்ட…”

அப்பா அவளைப் பார்த்தார். மருந்தின் மயக்கம் கண்ணில் படர்ந்திருந்தது. உதடுகளை ஈரப்படுத்திக்கொண்டு, மெதுவாக, ஏதோ பெரிய ரகசியத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்.

“வலது பந்துல காத்து கம்மி. கிறிஸ்துமஸ்லேருந்து சொல்றேன்.”

“இதோ, அடிச்சிட்டு வந்துடறேன்ப்பா.”

“போ. போ.” அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கொட்டகையில் சைக்கிள் அப்படியே நின்றிருந்தது. கைப்பிடியில் அவருடைய துவாலை காய்ந்து விறைத்திருந்தது. வேர்லெ வலது பந்தின் துளையில் ஊசியைச் செருகி, பம்பை மிதித்துப் பிடித்து அடித்தாள். காற்று அதிகமாகிவிட்டது. கொஞ்சம் இறக்கினாள். பலகையின் இரு ஓரங்களிலும் கையை ஊன்றி மாறிமாறி அமுக்கிப் பார்த்தாள். இடது பக்கம் ஒரு விரல்கடை தாழ்ந்தது. இடது பந்திலும் கொஞ்சம் அடித்தாள். எதையும் சரிபார்க்காமல் விட்டுவர அவள் கை பழகவில்லை. இரண்டு பக்கமும் ஒன்றாக அமுங்கித் திரும்பியதும்தான் எழுந்தாள்.

அவள் உள்ளே வந்தபோது அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அப்பாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். மேசையில் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. அறையில் மூச்சுச் சத்தம் இல்லை.

“உன்னக் கூப்பிட்டேன்,” என்றாள் அம்மா.

“பம்பு சத்தத்துல கேக்கலம்மா. வலது பந்துல காத்து இல்லன்னு சொன்னாரு.”

அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

“அடிச்சியா?”

“ம்.”

“சரி.”

வைத்தியர் வந்து, தாளில் நேரத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மதியம் வழக்கமாக வருகிற நேரத்துக்கு ஆன்னிக் வந்தாள். வாசலிலேயே விஷயம் புரிந்தது. நெலியைக் கட்டிக்கொண்டாள், பிறகு கைகளைக் கழுவிக்கொண்டு வெந்நீர் கேட்டாள். மூன்று பேருமாகக் குளிப்பாட்டினார்கள்.

“திருப்பலாமா? ஒண்ணு, ரெண்டு, மூணு.”

இந்த முறை யாரும் அவசரப்படவில்லை. அப்பா எந்த எதிர்ப்பும் இல்லாமல் பக்கவாட்டில் சாய்ந்தார். வேர்லெ அவர் தோளைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, அம்மா முதுகைத் துடைத்தாள். இடுப்பெலும்புக்கு வந்ததும், இன்னும் வலிக்கும் என்பதுபோல மிக லேசாகத் துடைத்தாள்.

“அம்மா,” என்றாள் வேர்லெ. ஆன்னிக் இருப்பதைக்கூட நினைக்கவில்லை. “அன்னைக்கு வைத்தியர் எதுக்குன்னு நான் சொன்னேன்ல…”

அம்மா துணியைத் தண்ணீரில் போட்டுப் பிழிந்தாள். நீர் முழுதும் சொட்டி முடியும்வரை பிழிந்தாள்.

“போன் பண்ணி வரலன்னு சொன்னவ நான்தானே,” என்றாள். “வைத்தியர் வேணாம்னு நீ சொன்னதும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. காலண்டர்ல எழுதியிருந்தத அப்பவே அடிச்சிட்டேன். நீ சூப்பக்கூடக் குடிச்சு முடிக்கல.”

அப்பாவின் தோள் அவள் கையில் கனத்தது. இத்தனை நாளும் அம்மாவின் மௌனத்தைத் தன் மேல் விழுந்த தீர்ப்பு என்று எண்ணியிருந்தாள். அந்த மௌனத்துக்குள் அம்மா தனியாக உட்கார்ந்திருந்தாள் என்பது அவளுக்குத் தோன்றியதே இல்லை.

ஆன்னிக் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டாள். “ஆறிப்போச்சு. சூடா மாத்திட்டு வரேன்,” என்றாள். தண்ணீரிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. அவள் கதவைச் சாத்திக்கொண்டு போய், வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள்.

மறுநாள் காலை அடக்கத்துக்கு ஏற்பாடு செய்கிறவர் வந்தார். பெட்டி, பூ, பூசை நேரம், பூசைக்குப் பின் காபியும் ரொட்டியும் எத்தனை பேருக்கு என்று எல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார். கடைசியில், கோயிலில் வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவு அட்டைக்கு ஒரு படம் வேண்டும் என்றார்.

வேர்லெ ஆல்பத்தை எடுக்க எழுந்தாள். அம்மா அதற்குள் ஏப்ரன் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, விரலால் தள்ளித் தள்ளித் தேடி, மேசை மேல் வைத்தாள்.

வேர்லெ பார்த்திராத படம். கொட்டகையில், பலகையின் மேல், சைக்கிளில் அப்பா. அம்மா கதவருகே நின்று எடுத்திருக்க வேண்டும். அப்பா இடது பக்கம் சாய்ந்திருந்தார். வாய் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார். சட்டைக் கழுத்து வேர்வையில் நனைந்திருந்தது. ஓரத்தில், பலகையைப் பிடித்தபடி, மரத்தூள் படிந்த ஒரு கை மட்டும் தெரிந்தது.

“நல்ல படம்,” என்றார் வந்தவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு. “கொஞ்சம் சாஞ்சிருக்கு, நேராக்கிடலாம். ஓரத்துல யார் கையோ தெரியுது, அத வெட்டிட்டா சரியா இருக்கும்.”

“வேண்டாம்,” என்றாள் அம்மா. “அப்படியே இருக்கட்டும்.”

“கையுமா?”

“கையும்தான்.”

அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எத்தனை அட்டை என்று கேட்டார். இருநூற்றைம்பது, சைக்கிள்காரங்க நிறையப் பேர் வருவாங்க என்றாள் அம்மா. வேர்லெ அடுப்பின் மேலிருந்த காபிக் குடுவையை எடுத்து வந்தாள். அவருக்கு ஊற்றினாள். இரண்டு சொட்டு மேசையில் சிந்தியது. அம்மா தன் கோப்பையை மேசை மேல் மெல்ல அவள் பக்கம் நகர்த்தி, ஊற்றி முடியும்வரை அதன் அடியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள்.