மூங்கில் கழியில் மூன்று சட்டைகள்

சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் காய்ந்துகொண்டிருந்த மூன்று சீருடைச் சட்டைகளையும் பரமசிவம் அவசரமாக உள்ளே இழுத்தார். நீலம், மஞ்சள், பச்சை. மகள் தாரணியைப் பெண் பார்க்க வருகிறவர்கள் கார் நிறுத்துமிடத்தில் இறங்கி அண்ணாந்தால் முதலில் கண்ணில் படுவது அவைதான்.

"ஈரமா இருக்குங்க," என்றாள் மனைவி பஞ்சவர்ணம்.

"இருக்கட்டும். நீ வீட்டுல சும்மாதான் இருக்கேன்னு சொல்லியிருக்கேன். புள்ள வாழ்க்கை இது. கெடுத்துடாத."

அவள் தலையாட்டினாள். கோபம் வரவேண்டிய இடம் என்று தெரிந்தது, வரவில்லை. கொஞ்ச காலமாகவே அவளுக்கு எதுவும் நேரத்துக்கு வருவதில்லை, தூக்கம் உட்பட.

சட்டைகளைச் சுருட்டி அலமாரியில் தன் பொன்னாடைகளுக்கு அடியில் திணித்தார் பரமசிவம். மொத்தம் பதினேழு பொன்னாடைகள். அவருக்கு வேலை போய் ஆறு வருடம். வட்டாரத் தமிழ்ச் சங்கத்தின் துணைத்தலைவர் பதவி மட்டும் போகவில்லை. சம்பளம் இல்லாத பதவிக்குப் போட்டியும் இல்லை. கடைசிப் பொன்னாடை மே தினத்தில் தோளில் விழுந்தது, உழைப்பின் மேன்மை பற்றி நாற்பது நிமிடம் முழங்கியதற்காக. பஞ்சவர்ணத்தால் போய்க் கேட்க முடியவில்லை. அன்றும் அவளுக்கு வேலை இருந்தது.

நாலு மணிக்குத் தீவின் கிழக்குக் கோடியிலுள்ள பாசிர் ரிஸ்ஸிலிருந்து பையன் சரத்தும் அவன் அம்மா தங்கமும் வந்தார்கள். அவைத்தலைவரை விளிக்கிற குரலில் பரமசிவம் வரவேற்றார். தேக்கா கடைத்தெருவில் வாங்கிய ஜாங்கிரியும் தேநீரும் வந்தன. தங்கம் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுத் தங்கள் சொகுசு அடுக்குமாடியான காண்டோவின் நீச்சல்குளத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.

பஞ்சவர்ணத்தின் கை தானாக நீண்டது. கோப்பைகளும் தட்டுகளும் ஒரே அடுக்காக இடக்கையில் ஏறின. வலக்கைத் துணி மேசையை ஒரே வீச்சில் துடைத்தது. உணவங்காடியில் ஒரு மேசைக்கு அவ்வளவுதான் நேரம். தங்கம் பாதிதான் குடித்திருந்தாள்.

"அவளுக்கு சுத்தம்னா உயிரு," என்று பரமசிவம் சிரித்து வைத்தார்.

தங்கத்துக்கு முகம் மலர்ந்தது. "நல்லதாப் போச்சு லா. கல்யாணத்துக்கப்புறம் தாரணி வேலைய விட வேணாம். புள்ள பொறந்தா காலைல இங்க விட்டுட்டு ராத்திரி எடுத்துக்கலாம். நீங்கதான் வீட்டுல சும்மா இருக்கீங்களே."

"அதுக்கென்ன, தாராளமா," என்றார் பரமசிவம். அடுத்தவர் நேரத்தைத் தானம் செய்வதில் அவருக்குக் கை பெரிது.

பஞ்சவர்ணம் தங்கத்துக்கு வேறு தேநீர் கொண்டுவந்து வைத்தாள். ரயிலில் அடுத்த நிலையத்தை அறிவிக்கிற குரலில் சொன்னாள்:

"நான் சும்மா இல்லங்க. காலைல ஆறுலேர்ந்து ஆபீஸ் கூட்டுறேன். மத்தியானம் உணவங்காடில தட்டு எடுக்குறேன். ஆறு மணிக்கு மேல முதியோர் இல்லத்துல துணி துவைக்கிறேன், பத்து வரைக்கும். இன்னைக்கு உங்களுக்காகத் தட்டுக்கு மட்டும் லீவு."

பாதிப் பேச்சில் மைக்கை அணைத்தது போல பரமசிவம் நின்றார். சரத் கைபேசியில் எதையோ தேடினான். தாரணி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆமா ஆன்ட்டி. என்னைய டிப்ளோமா படிக்க வெச்சதும் அதுதான்."

தங்கம் விரல்விட்டு எண்ணினாள். கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அப்ப பத்துக்கு மேல ஃப்ரீதானே லா? புள்ளைங்க ராத்திரிலதான அழும்."

பஞ்சவர்ணம் உள்ளே போனாள். பொன்னாடைகளுக்கு அடியிலிருந்து சட்டைகளை உருவியபோது இரண்டு பொன்னாடைகள் தரையில் விழுந்தன; அவள் குனியவில்லை. ஆறு மணி வேலைக்கான பச்சைச் சட்டையை ஈரத்தோடு மாட்டிக்கொண்டாள். தோளில் சில்லென்றது. ஏதோ படுகிறது என்றாவது தெரிந்தது. நீலத்தையும் மஞ்சளையும் கழியில் கோத்து, அடுக்குமாடி புளோக் முழுக்கப் பார்க்கும்படி சன்னலுக்கு வெளியே நீட்டினாள்.

பிறகு மேசைக்கு வந்தாள். தங்கத்தின் கோப்பையில் இந்த முறையும் பாதித் தேநீர் இருந்தது. பஞ்சவர்ணம் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் எடுத்தாள்.