கல்யாணக் கோட்டும் நாலு கிலோவும்

டயட் ஆரம்பித்த முதல் வாரத்திலேயே தியோடர் வாத்தியாருக்கு நாலு கிலோ குறைந்துவிட்டது. அதை மனசுக்குள் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆளா அவர்? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்ற அத்தனை பேரிடமும் சொன்னார். ரிச்சர்ட்ஸ் டவுன் பார்க்கில் நடக்க வருகிறவர்களை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கறிக்கடைக்காரர் "என்ன சார், ஆளையே காணோம்?" என்று கேட்டதற்கும் அதுதான் பதில்.

எல்லாம் ஒரு கோட்டுக்காக. வருகிற மே மாதத்தோடு அவருக்கும் பிரிஜெட்டுக்கும் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். வெள்ளிவிழாப் பூசையில் இருவரும் பலிபீடத்துக்கு முன்னால் நின்று மறுபடி வாக்குக் கொடுக்க வேண்டும். அதற்காக பிரிஜெட் பீரோவிலிருந்து தன் கல்யாணச் சேலையையும் ரவிக்கையையும் எடுத்துப் போட்டுப் பார்த்தாள். ஒரு தையலைக்கூடப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டிருந்தவளைப் பார்க்க தியோடருக்குப் பெருமையாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. தன்னுடைய சாம்பல் நிறக் கோட்டை எடுத்து மாட்டினார். கை நுழைந்தது. பித்தானுக்கும் அதன் காஜாவுக்கும் நடுவில்தான் ஒரு சாண் வயிறு நின்றது. அன்றைக்கு அவள் பக்கத்தில் நின்றவனாகவே இன்றைக்கும் நிற்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. இந்த வயசில் அதைப் பெண்டாட்டியிடம் சொல்ல வெட்கமாக இருந்ததால், "புதுக் கோட்டு எதுக்கு, பழசே போதும்" என்று மட்டும் சொன்னார்.

சோறு நின்றது. ரொட்டி நின்றது. கணக்கு வாத்தியார் அல்லவா, முதல் வாரக் குறைவை வைத்து நேராக ஒரு கோடு போட்டுப் பார்த்தார். இதே கணக்கில் போனால் மே மாதத்தில் கோட்டு தொளதொளவென்று தொங்கும். பழைய கோட்டைப் பிரித்துத் தைக்கச் சொல்லிவைத்திருந்த தையற்காரருக்கு உடனே போன் போட்டு வேண்டாமென்றார்.

"சக்கத் மாமா, பிரமாதம்!" என்றான் பிரிஜெட்டின் தம்பி டேரில். "இப்படியே போனா ஜூன்ல நீங்க கண்ணுக்கே தெரிய மாட்டீங்க."

மகள் லவினா ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். அவள்தான் முதலில் ஊசியை இறக்கினாள். "டாடி, போனதுல முக்கால்வாசி வெறும் தண்ணி."

"தண்ணியா? எவ்ளோ நடந்திருக்கேன் தெரியுமாடி?"

"நடந்தீங்க, யார் இல்லன்னா? ஆனா சோறு, ரொட்டின்னு சாப்பிட்டா உடம்பு அதுல கொஞ்சம் சர்க்கரையா சேர்த்து வெக்கும். கூடவே தண்ணியையும் பிடிச்சு வெச்சுக்கும். நீங்க சோத்தை நிறுத்தினதும் அந்தச் சேமிப்பு கரைஞ்சுது, தண்ணியும் கூடவே போயிடுச்சு. கொழுப்பு இனிமேதான் போகும். அதுவும் மெதுவாத்தான்."

"அப்பன் இளைச்சா பொறுக்காதே உனக்கு" என்று சொல்லிவிட்டு வாத்தியார் பார்க்குக்குக் கிளம்பிவிட்டார்.

மறுவாரம் எடை மெஷின் அசையவில்லை. அதற்கடுத்த வாரம் பெரிய மனது பண்ணி அரைக் கிலோ இறங்கியது. பிறகு டேரில் மகள் முதல்முறை நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்து, பிரியாணி, அவனுடைய வற்புறுத்தல். மறுநாள் காலை ரெண்டு கிலோ ஏறியிருந்தது! தியோடர் மெஷினைக் குளியலறையிலிருந்து சமையலறைக்கும், அங்கிருந்து ஹாலுக்கும் தூக்கிக்கொண்டு அலைந்தார்.

"பால்கனில வெச்சுப் பாருங்க. காத்து வாட்டத்துல குறைஞ்சாலும் குறையும்" என்றாள் பிரிஜெட்.

"இதுவும் தண்ணிதான் டாடி" என்று லவினா சமாதானம் சொன்னாள். "சோறும் உப்பும் சேர்ந்து பிடிச்சு வெச்சது. ஒரே ராத்திரில யாருக்கும் ரெண்டு கிலோ கொழுப்பு ஏறாது. பொறுமையா இருங்க."

வேறு யாராக இருந்தாலும் இதைக் கேட்டு நிம்மதியாகியிருப்பார்கள். இவருக்கோ மூளை வேறு பக்கம் ஓடியது. வருவதும் போவதும் தண்ணீர்தான் என்றால், தண்ணீரையே நிறுத்திவிட்டால் என்ன?

மே மாதமும் வந்தது. உண்மையாகவே கொஞ்சம் இளைத்திருந்தார். ஆனாலும் பித்தான் இரண்டு விரல் தள்ளியே நின்றது. முகூர்த்த சீசனில் தையற்காரர் கையை விரித்துவிட்டார்.

"வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு நில்லுங்களேன், யார் கேக்கப் போறாங்க?" என்றாள் பிரிஜெட்.

"நீ அந்தச் சேலைல நிப்ப. நான் பக்கத்துல பந்தி பரிமாற வந்தவன் மாதிரி நிக்கணுமா?"

பூசைக்கு முந்தின நாள் காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை மனுஷன். பிரிஜெட் கொடுத்த மோரை மணி பிளான்ட்டுக்கு ஊற்றினார். உச்சி வெயிலில் பார்க்கைச் சுற்றிச் சுற்றி வந்தார். மறுநாள் காலை மூச்சை இழுத்துப் பிடித்தார், பித்தான் மாட்டிக்கொண்டது!

"அட, பரவாயில்லையே!" என்று பிரிஜெட் கண் விரிய நின்றாள். அந்த ஒரு பார்வைக்கு எல்லாம் தகும் என்று தோன்றியது தியோடருக்கு. பதில் சொல்ல முடியாதபடி நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால் சிரித்துவைத்தார்.

ஃபாதரின் பிரசங்கம் நீளமாகப் போனது. கோயில் நிறையக் கூட்டம், நல்ல புழுக்கம். வாக்குக் கொடுக்க இருவரும் எழுந்து முன்னால் போய் நின்றபோது ஃபாதர் இரண்டு பேராகத் தெரிந்தார். யாரோ வாய்க்கு நேராக மைக்கைக் கொண்டுவந்தார்கள். தியோடர் வாயைத் திறந்தார், கால் மடங்கியது, அப்படியே சரிந்தார்.

கண் திறந்தபோது தலை பிரிஜெட்டின் மடியில் இருந்தது. கல்யாணச் சேலையோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். லவினா கோட்டுப் பித்தானை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்: "கடைசியா எப்ப டாடி தண்ணி குடிச்சீங்க?"

"முந்தாநேத்து ராத்திரி" என்று முனகினார். மைக் இன்னும் பக்கத்திலேயே இருந்ததால் கடைசி பெஞ்சுவரைக்கும் கேட்டது.

பிரிஜெட் அவர் தோளில் ஒரு அடி வைத்தாள். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "லூசா நீங்க? ஒரு நிமிஷம் என் உயிரே போயிடுச்சு! இந்தக் கோட்டு யாருக்கு வேணும்? அந்த ஒல்லிப் பையன் கூட நான் இருந்தது மிஞ்சிப்போனா ஒரு வருஷம். மீதி வருஷமெல்லாம் இந்தத் தொப்பைக்காரர் கூடத்தானே இருந்தேன்? அவரைக் கொன்னுட்டு அந்தப் பையனையா கூட்டிட்டு வரப் பார்த்தீங்க?"

அவளுக்காகத்தான் என்று சொல்ல நினைத்தார் தியோடர். அதைச் சொல்ல இப்போது இன்னும் வெட்கமாக இருந்தது.

நாற்காலி வந்தது. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை லவினா ஒரு பெரிய டம்ளரில் கொண்டுவந்து மெதுவாகக் குடிக்கச் சொன்னாள். கொஞ்சம் தெளிந்ததும் மேற்கொண்டு நடத்தலாமா என்று ஃபாதர் கேட்க, கோட்டு திறந்துகிடக்க, கையில் டம்ளரோடு தியோடர் உட்கார்ந்தபடியே தன் வாக்கைச் சொல்லி முடித்தார். ஃபாதர் பிரிஜெட் பக்கம் திரும்பினார்.

"பிரிஜெட், இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும், இவரை உன் கணவராக மறுபடியும் ஏற்றுக்கொள்கிறாயா?"

பிரிஜெட் கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். டம்ளரில் இன்னும் பாதி இருந்தது.

"இருங்க ஃபாதர்" என்றாள். "முதல்ல இவர் அதை முழுசா குடிக்கட்டும்."