கீசர் மாதிரித்தான்

எனக்குப் பொறுமை கிடையாது. வாடிக்கையாளர் இரண்டாவது கேள்வி கேட்டாலே முகம் கடுகடுவென்று ஆகிவிடும். நான் முணுமுணுப்பதைக் கேட்டு, "ஓடுறது கம்ப்ரசரா, நீயா?" என்று கூட வேலை பார்ப்பவர்கள் ஓட்டுவார்கள்.

ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் கூப்பிட்டபோதும் முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன். வெந்நீருக்கான ஹீட் பம்ப்பை ஆறு மாதத்துக்கு முன் அவர் வீட்டில் மாட்டியவன் நான். அப்போது அவர் மனைவி பக்கவாதத்தில் படுத்திருந்தார், பேச்சு போய்விட்டது. இப்போது கட்டில் காலியாக இருந்தது.

"பத்து நாளாச்சு தம்பி. மெஷினைக் கழட்டி எடுத்துட்டுப் போயிடுங்க. நான் எப்பவும் பச்சைத் தண்ணியிலதான் குளிப்பேன். அவளுக்காகத்தான் வாங்குனேன்."

"நல்லா வேலை செஞ்சுதுல்ல?"

"அதுக்கென்ன, நல்லாத்தான் இருந்துச்சு. என் கைதான் அவளுக்கு ஆகல. உடம்பத் தொடைக்க ஈரத்துணிய எடுத்தாலே அலறுவா. அப்புறம் என் முகத்தையே பாக்க மாட்டா. நாப்பது வருஷம் கூட இருந்துட்டு, கடைசியில என்னை வெறுத்துட்டுப் போயிட்டா. அதைத்தான் தாங்க முடியல."

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனேன்.

கழற்றுமுன் இயந்திரம் மொத்தம் ஓடிய நேரத்தைக் குறித்துக்கொள்வது எங்கள் வழக்கம். ஆறு மாதத்துக்கு ஐந்நூறு மணி நேரமாவது காட்ட வேண்டும். திரையில் முப்பத்தொன்று என்றிருந்தது.

"ஐயா, தினமும் இதை எப்படிப் போடுவீங்க?"

"குளிப்பாட்டப் பத்து நிமிஷம் இருக்கறப்ப சுவிட்சப் போடுவேன். பச்சை விளக்கு எரியும். தண்ணி பிடிச்சுட்டு அணைச்சிடுவேன். கீசர் மாதிரித்தான்."

பச்சை விளக்கு எரிந்தால் இயந்திரம் ஓடத் தொடங்கியிருக்கிறது என்றுதான் பொருள். கீசரில் கம்பி பழுத்துத் தண்ணீரைச் சட்டென்று காய்ச்சிவிடும். இது அப்படியில்லை. வெளிக்காற்றில் இருக்கிற கொஞ்சநஞ்சச் சூட்டைக் குழாயில் ஓடும் வாயு வாங்கிக்கொள்ளும். கம்ப்ரசர் அந்த வாயுவை நெருக்கி இன்னும் சூடேற்றும். அந்தச் சூடு சுருள் குழாய் வழியே தொட்டித் தண்ணீரில் இறங்கும். இருநூறு லிட்டர் காய நாலைந்து மணி நேரம் பிடிக்கும். அதனால் சுவிட்சை அணைக்கவே கூடாது. ஐம்பத்தைந்து டிகிரி வந்ததும் தொட்டியிலுள்ள சென்சார் தானே நிறுத்தும். ஐந்து டிகிரி இறங்கினால் தானே ஓடவிடும். பத்து நிமிடத்தில் குளிர்காலத் தண்ணீரின் சில்லிப்புகூட விட்டிருக்காது. பச்சைத் தண்ணீருக்குப் பழகிய கைக்கு அது உறைக்கவில்லை.

"கீசர் மாதிரின்னு யாரு சொன்னது?" கோபமாகவே கேட்டேன்.

"நீங்கதான் தம்பி. நான் ரெண்டு தடவை கேட்டேன். 'கீசர் மாதிரித்தான், சூட்டை மெஷினே பாத்துக்கும்'னு சொல்லிட்டு அவசரமாக் கெளம்பிட்டீங்க. நோயாளிக்கு இவ்வளவு சூடு போதும்னு மெஷினுக்குத் தெரியும்போலன்னு நானும் விட்டுட்டேன்."

சொன்னேன்தான். இப்போது வாயை மூடிக்கொண்டு கழற்றி எடுத்துப் போயிருக்கலாம். ஆனால் மனைவி வெறுத்துவிட்டாள் என்று நம்பியே இந்த மனிதர் மிச்ச நாளைத் தள்ளுவாரே என்றிருந்தது.

"உங்க கை இல்லீங்கய்யா, தண்ணிதான். ஒரு நாளும் அது காயல. தப்பு என்னுது. அவங்க குளிர் தாங்காமத்தான் கத்தியிருக்காங்க. உங்களை வெறுக்கல."

"வெறுக்கலியா?" என்றார். முகம் தெளிந்தது. கொஞ்ச நேரம்தான். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அடம் பிடிக்கிறான்னு நெனச்சு ஒரு நாள் கன்னத்துல அறைஞ்சிட்டேன் தம்பி. அதுக்கப்புறம் அவ கத்தவே இல்ல. துணிய எடுத்தா வாயை இறுக்க மூடிக்கிட்டு நடுங்குவா."

உள்ளங்கையைப் பார்த்தார்.

"வழிக்கு வந்துட்டான்னு நெனச்சேன்."