விட்டுப்போன நாற்பது கல்

மாமல்லபுரத்தில் ஓர் ஓட்டல் முற்றத்துக்கு நாற்பது கல் குறைத்து ஆர்டர் போட்ட மகான், மேஸ்திரி ஜெபசிங்தான். மேஸ்திரியாகிப் பதினெட்டு வருடம். பத்தாம் வகுப்புக் கணக்கில் தோற்று இருபத்தாறு வருடம். இரண்டிலும் நல்ல அனுபவசாலி.

பத்தடிக்குப் பத்தடி முற்றம். அடிச்சதுரக் கல் நூறு வந்து இறங்கியபிறகு, நீளத்திலும் அகலத்திலும் இரண்டடி கூட்டச் சொன்னார் முதலாளி. "ரெண்டு ரெண்டு நாலு" என்று விரலைக்கூட மடக்காமல் நாலே கல் கூடுதலாக ஆர்டர் சொன்னார் ஜெபசிங்.

கல் பதிக்கும் உலகநாதன், வழக்கப்படி நூல் கட்ட முதலில் எதிர்மூலையில் அந்த நாலையும் பதித்தான். பிறகு இந்த மூலையிலிருந்து நூறையும் பாவினான். கல் தீர்ந்தது. தரை தீரவில்லை.

"இன்னா அண்ணாத்த, மிச்ச எடத்துல மீன் வளக்கப் போறியா?" என்றான்.

அன்று மாலை ஐந்து மணியோடு பத்தாம் வகுப்புத் தனித்தேர்வர் விண்ணப்பம் முடிகிறது. பத்து பாஸானால்தான் சூப்பர்வைசர் வேலை. விண்ணப்பிக்கத் தயங்கி, ஒரு வாரமாகவே ஜெபசிங் கண்டவரிடமெல்லாம் கேட்டார்: "நான் பாஸாவேனா?" மனைவி மேரி, "கர்த்தருக்குத்தான் வெளிச்சம்" என்றாள். உலகநாதன், "நீ பாஸானா நான் மொட்ட போட்டுக்கறேன்" என்றான். சைட் எஞ்சினியர் மானசா, "பார்க்கலாம்ணா" என்றாள்.

கல் குறைந்த அவமானத்தில் ஜெபசிங் சாரத்தின் மேலேறி உட்கார்ந்துகொண்டார். கீழே பார்த்தார்.

பெரிய சதுரம். எதிரே குட்டிச் சதுரம். இடையில், இருபுறமும் பத்துக்கு இரண்டில் ஒவ்வொரு மண்பட்டை, ஒட்டிப் பிறந்த அண்ணன் தம்பிபோல. வகுப்பில் மூச்சுவிடாமல் ஒப்பித்து, பரீட்சைத் தாளில் மட்டும் தவறாமல் விட்டுவந்த, (a + b)² சூத்திரத்தின் அந்த 2ab, வெயில் காய்ந்தபடி படுத்திருந்தது!

குதித்திறங்கி, பத்தடியை x என்று வைத்து, கரித்துண்டால் கல்லின்மேல் எழுதினார்: x² + 2x + 2x + 4. பட்டைகளைச் சேர்த்தார்: x² + 4x + 4. திரும்பக் கட்டினார்: (x + 2)(x + 2). அதே முற்றம்! பத்தடி என்ன, x கடற்கரை நீளமே ஆனாலும் பட்டை இரண்டுதான், மூலைக்கு நாலு கல்தான். இத்தனை வருடம் இதன்மேல்தான் நடந்துகொண்டிருந்தோமா?

மானசா வந்து நின்றாள். "இது யார் எழுதினது?"

"நான்தாம்மா. கல்லுக்குத் திட்டறத அப்புறம் திட்டு. பார்க்கலாம்னு மட்டும் சொல்லாத. நான் பாஸாவேனா, மாட்டேனா?"

அவள் குனிந்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள்.

"ஆவீங்க. போய் அப்ளை பண்ணிட்டு வாங்கண்ணா. வரும்போது நாற்பது கல் சொல்லிடுங்க."