ஜீலானைத் திட்டிய வாய்

எங்கள் ஊர் மன்சூராவில் பாடகி ஜீலானை என்னைவிட அதிகமாகத் திட்டியவன் யாரும் இல்லை. இதில் எனக்கு ஒரு வசதி உண்டு. நான் முடிதிருத்துபவன், ஊருக்கு உஸ்தா ஷவ்கி. கழுத்தில் சவரக்கத்தி இருக்கும்போது எவன் எதிர்த்துப் பேசுவான்? கடை ரேடியோவில் அவள் பாட்டு வந்தால் உடனே அணைப்பேன். மிச்சப் பாட்டை என் வாயே முணுமுணுக்கும். யாராவது கவனித்துவிட்டால் இருமிச் சமாளிப்பேன்.

முதலில் அவளுடைய உடையைத் திட்டினேன், பிறகு ஆட்டத்தை. போன வருஷம் டிவியில் உட்கார்ந்துகொண்டு ஒன்று சொன்னாள் பாருங்கள், அதற்குப் பிறகுதான் எனக்கு நிஜமாகவே ஆவேசம் வந்தது. "என் நிக்காஹ்ல தலாக் உரிமையை என் கையிலயும் எழுதி வாங்கிட்டேன். அதனாலதான் அந்தக் கல்யாணத்துலேர்ந்து நிம்மதியா வெளிய வர முடிஞ்சுது. பொண்ணுங்களா, நீங்களும் கேளுங்க" என்றாள். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் இவள்தான் வழிகாட்டியா என்று கடையில் வாரக்கணக்கில் கத்தினேன். தாடி எடுக்க வந்தவர்கள் எல்லோரும் தலையாட்ட முடியாமல் கண்ணால் ஆமோதித்தார்கள்.

கத்தியதற்கு உண்மையான காரணம் வேறு. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் என் மனைவி இன்ஸாஃப் இதே நிபந்தனையைக் கேட்டாள். நானும் கையெழுத்துப் போட்டேன். அவள் வீட்டு வாசலுக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தவன் நான். என் தலையையே எழுதிக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் எல்லோரும் இறைவனிடம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இன்ஸாஃப் யாரிடமும் மூச்சு விடவில்லை. என் மீசையை அவள்தான் இத்தனை காலம் காப்பாற்றி வந்தாள்.

ஆகக் கடையில் நான் சிங்கம். வீட்டில் அவள் கோபமாகக் கத்தினால் எனக்குப் பயமில்லை. கத்தாமல் இருந்தால்தான் பயம். அன்றைக்கெல்லாம் சீக்கிரமாகவே கடையைச் சாத்திவிட்டு, கையில் ஒரு கிலோ கொய்யாப்பழத்தோடு வீட்டுக்குப் போவேன்.

இந்த நிலையில்தான் என் மகள் யும்னாவுக்கு நிக்காஹ் வந்தது. மாப்பிள்ளை பாசிம் நல்ல பையன், ஒரு குறையும் சொல்ல முடியாது. அவனுடைய அப்பா ஹாஜி பரக்காத் பெயிண்ட் கடைக்காரர். வியாழக்கிழமை தவறாமல் என்னிடம் தாடி ஒதுக்க வருபவர்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் எங்கள் கூடத்தில் காஜி வந்து உட்கார்ந்தார். நான் ஒரு பக்கம், பாசிம் ஒரு பக்கம். வலது கைகளைக் கோத்து, கட்டைவிரலோடு கட்டைவிரலை அழுத்திக்கொண்டோம். காஜி மேலே வெள்ளைக் கைக்குட்டையைப் போட்டார். அதைப் பிடுங்குபவளுக்குத்தான் அடுத்த கல்யாணம் என்பார்கள்; கல்யாணமாகாத பெண்கள் பின்னால் தயாராக நின்றார்கள். இன்ஸாஃப் சர்பத் தட்டோடு அடுக்களை வாசலில் நின்றாள்.

"வேற நிபந்தனை ஏதாவது உண்டா?" என்று காஜி வழக்கப்படி கேட்டார். இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்வதில்லை. காஜியும் பதிலுக்காகக் கேட்பதில்லை.

"ஒண்ணு இருக்கு" என்றாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யும்னா. "தலாக் உரிமை என் கையிலயும் இருக்கணும். எழுதிக்கோங்க. பாசிம்கிட்ட முன்னாடியே சொல்லிட்டேன், சரின்னுட்டார்."

ஹாஜி பரக்காத் மகன் பக்கம் திரும்பினார். "சரின்னுட்டியா?"

"சொன்னேம்பா. உங்ககிட்ட சொல்லத்தான் தைரியம் வரல" என்றான் பாசிம். கைக்குட்டைக்கு அடியில் அவன் கை ஈரமாகிவிட்டது. என் கையும்தான். யார் முதலில் கையை எடுத்தாலும் கல்யாணம் நின்றதாகிவிடும் என்று இரண்டு பேருமே இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

ஹாஜி எழுந்துவிட்டார். "எங்க கத்துக்கிட்டா இதை? அந்த ஆட்டக்காரி ஜீலான்கிட்டதானே! உஸ்தா ஷவ்கி, நீங்களே சொன்னீங்களே, என் முகத்துல பாதி சோப்பு இருக்கும்போது. 'இதைக் கேக்குறவ குடும்பப் பொண்ணே இல்ல, கொடுக்குறவன் ஆம்பளையே இல்ல'ன்னு. மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. சொன்ன அன்றைக்கு அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அடுத்து வந்தவர்களுக்கும் அதையே சொல்லி அனுப்பியிருந்தேன்.

"மாமா, ஜீலான் சொல்லித்தான் இப்படி ஒண்ணு இருக்குறதே எனக்குத் தெரியும்" என்றாள் யும்னா. "அதுக்கப்புறம் அம்மாகிட்ட கேட்டேன்." அதோடு நிறுத்திக்கொண்டாள். இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கதை முடிந்திருக்கும். சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள். இன்ஸாஃப் என்னைப் பார்க்கவே இல்லை, தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உஸ்தா, உங்க பொண்ணுக்குப் புத்தி சொல்லுங்க" என்றார் ஹாஜி. "மன்சூரா முழுக்கத் தேடுங்க. மானமுள்ள ஆம்பளை ஒரே ஒருத்தன் இப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கான்னு காட்டிட்டா நான் வாயை மூடிக்கறேன். இல்லேன்னா பையனைக் கூட்டிட்டுக் கிளம்பறேன்."

நான் எப்பேர்ப்பட்ட வீரன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் இருமினேன். பிறகு, "காஜி ஐயா, இதெல்லாம் சாவகாசமா பேசிக்கலாமே, முதல்ல எல்லாரும் சர்பத்..." என்றேன். ஒருவரும் அசையவில்லை.

யும்னா தலையைக் குனிந்துகொண்டாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. இவர் இப்படித்தான் நழுவுவார் என்று அவளுக்கு முன்பே தெரியும் என்பது போல விரலில் இருந்த நிச்சயதார்த்த மோதிரத்தை மெல்லக் கழற்ற ஆரம்பித்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு வலித்தது. யார் என்ன பேசியும் எனக்கு இப்படி வலித்ததில்லை.

"நான் போட்டிருக்கேன்" என்றேன்.

"எதைப் போட்டிருக்கீங்க?"

"கையெழுத்து. இருபத்தேழு வருஷமாச்சு. அதோ நிக்கிறாளே, அவ நினைச்சா இந்த நிமிஷமே என்னைத் தலாக் சொல்லிட்டுப் போகலாம். ஹாஜியார், உங்களுக்கு இத்தனை வருஷமா தாடி ஒதுக்கினது அந்த ஆம்பளையே இல்லாதவன்தான்."

காஜி பேனாவை மூடினார், திறந்தார். பின்னால் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அது அப்படியே பரவி, ஆண்கள் பக்கமும் வந்து, என் சொந்தத் தம்பி கண்ணில் நீர் வரச் சிரித்தான். இன்றைக்கும் அவன் என்னைப் பார்த்தால், "அண்ணி இன்னும் உன்னை வெச்சிருக்காங்களா?" என்றுதான் கேட்கிறான்.

ஹாஜிக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இன்ஸாஃபைப் பார்த்து, "நெஜமாம்மா? அப்புறம் ஏன் இத்தனை வருஷமா அதைப் பயன்படுத்தல?" என்று கேட்டார்.

"நேரம் எங்க இருக்கு ஹாஜியார்? இவருக்குச் சமைக்கவே பொழுது சரியாப் போகுது" என்றாள் இன்ஸாஃப்.

பாசிம் என் காதருகே குனிந்தான். "மாமா, இத்தனை வருஷமும் பயமா இருந்துச்சா?"

"தினமும்."

"எனக்கு இப்பவே இருக்கு" என்றான். பிறகு சத்தமாக, "எழுதுங்க காஜி ஐயா" என்றான். ஹாஜி பரக்காத் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டியவராகி, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். கைக்குட்டையை எவளோ பிடுங்கினாள். குலவைச் சத்தத்தில் கூடம் அதிர்ந்தது. வழக்கத்தைவிட நீளமான குலவை. அதில் பாதி எனக்கான கிண்டல் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

எல்லோரும் போனபிறகு இன்ஸாஃப் டம்ளர்களைக் கழுவினாள். நான் பக்கத்தில் நின்று துடைத்தேன். உண்மையைச் சொன்ன பெருமை எனக்குள் லேசாக ஊறத் தொடங்கியிருந்தது. நாளைக்குக் கடையில் இதையே எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தேன்.

"ஹாஜிகிட்ட நேரமில்லைன்னு சொன்னியே" என்றேன். "நெஜமாவே ஒரு தடவைகூட நினைச்சதில்லையா?"

"ஒரு தடவை நினைச்சேன்."

"எப்போ? உன் அண்ணன்கூட நான் சண்டை போட்டப்பவா?"

"இல்ல" என்றாள், தண்ணீரிலிருந்து கையை எடுக்காமல். "போன வருஷம் ஒரு நாள் யும்னா உங்களுக்குச் சாப்பாடு எடுத்துட்டுக் கடைக்கு வந்தா. நீங்க பேசிட்டு இருந்தீங்க. வாசல்லயே நின்னு கேட்டிருக்கா. வீட்டுக்கு வந்து, 'அம்மா, அப்போ நீ குடும்பப் பொண்ணு இல்லையா?'ன்னு கேட்டா. அன்னிக்கு நினைச்சேன்."

நான் துடைத்த டம்ளரையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு அடுத்ததைக் கொடுத்தாள்.