மேளமில்லாத முகூர்த்தம்

ஜெர்மனியிலிருந்து பயிற்சி மாணவியாக வந்த அனிகாவை யூஜினியாவின் வீட்டில் தங்க வைக்க ஏற்பாடு செய்தவர் பஞ்சாயத்துத் தலைவர் சொக்கலிங்கம்தான். ஆவரங்கண்மாயில் கதவுள்ள கக்கூஸ் இரண்டு வீடுகளில் மட்டுமே இருந்தது. ஒன்று அவருடையது. கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீட்டில் வெளிநாட்டுக்காரியைத் தங்க வைக்க அவருக்கு விருப்பமில்லை. மற்றொன்று, தொடக்கப்பள்ளி ஆசிரியையான யூஜினியாவின் வீடு. அவளுக்கு ஆங்கிலமும் வரும்.

காரைக்குடியிலிருந்து டவுன் பஸ் வந்து திரும்பும் கடைசி ஊர் அது. கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் ஐப்பசி முதல் நாரைகளும் வக்காக்களும் கூடு கட்டும். குஞ்சு பறந்து போகும்வரை ஊரில் வெடியோ மேளமோ ரேடியோ செட்டோ கூடாது. தீபாவளிக்கும் இதேதான். இந்தக் கட்டுப்பாட்டைக் கேள்விப்பட்டுத்தான் அனிகாவின் நிறுவனம் அவளை அனுப்பியிருந்தது. வெப்ப நாட்டுப் பறவைகளைப் பார்க்க வரும் பயணிகள் ஊரார் வீடுகளிலேயே தங்கி, ஊரார் சமைத்ததைச் சாப்பிட்டு, ஊர் இளைஞர்களின் துணையோடு கரையில் நடக்க வேண்டும். வருமானம் ஊருக்கே. அது 1997ஆம் ஆண்டின் கடைசி. கட்டட வேலையில் தொடங்கி கான்ட்ராக்டராக வளர்ந்த சொக்கலிங்கம், பயணிகள் விடுதியைத் தன் இடத்தில் கட்டக் கணக்குப் போட்டிருந்தார்.

விடியற்காலையில் அனிகா தொலைநோக்கியோடு கரைக்குப் போவாள். யூஜினியாவும் கூடப் போவாள். நத்தைகுத்தி நாரை தன் இறக்கையை விரித்துக் குஞ்சுக்கு நிழல் கொடுப்பதை முதன்முதலில் பார்த்தபோது அனிகா தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. அப்போதுதான் யூஜினியா தன் அப்பாவின் அடக்கத்தைப் பற்றிச் சொன்னாள்.

அப்பா சூசைமரியான் பங்குக் கோவில் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தவர். சுற்றுவட்டாரத்தில் கிறிஸ்தவச் சாவு எதுவும் அவர் வாசிக்காமல் கல்லறைக்குப் போனதில்லை. நான்கு வருடத்துக்கு முன் ஒரு தை மாதத்தில் அவர் இறந்தார். பேண்டு செட்டுக்காரர்கள் கருவிகளோடு வந்து நின்றார்கள். சொக்கலிங்கம் வாசலை மறித்தார். குஞ்சு பொரிக்கிற நேரம், கட்டுப்பாடு எல்லாருக்கும் ஒன்று என்றார். வாத்தியங்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர்கள் சும்மா நடந்தார்கள். பெட்டியை மூடும்போது யூஜினியா வாய்விட்டு அழுதாள். சொக்கலிங்கம் அவள் அருகில் வந்து, "வாயை மூடும்மா. சத்தமில்லாம அழு" என்றார்.

அனிகாவின் கண் கலங்கியது. இப்படி ஒரு ஊரை உலகத்தில் எங்கும் பார்த்ததில்லை என்றாள். யூஜினியா ஆமாம் என்று தலையாட்டினாள். மீதியை அவள் சொல்லவில்லை. அதே தை முடிவதற்குள் சொக்கலிங்கம் புதுவீடு குடிபோனபோது காலை முழுக்க நாதஸ்வரம் ஒலித்தது. கேட்டவர்களிடம், மங்கலச் சத்தத்துக்குப் பறவை பயப்படாது என்று அவர் சொன்னார்.

அடுத்த ஊர்க்கூட்டத்தில் அனிகா எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். யூஜினியா அதை ஊருக்குத் தமிழில் சொன்னாள். சாவுக்கு மேளம் இல்லையென்றால் கல்யாணத்துக்கும் இல்லைதானே?

சொக்கலிங்கத்தின் மகள் தீபலட்சுமிக்குத் தையில் கல்யாணம் என்று எல்லாருக்கும் தெரியும். மேளக்காரருக்கு வெற்றிலை பாக்கும் வைத்தாகிவிட்டது. கூட்டம் அவர் முகத்தைப் பார்த்தது. கட்டுப்பாடு எல்லாருக்கும் ஒன்றுதான் என்றார். யூஜினியா அதை ஆங்கிலத்தில் சொல்ல, அனிகா கைதட்டினாள்.

தன் நாட்டிலிருந்து முதல் பயணிகளை எந்த நாளில் அழைக்கலாம் என்று அனிகா கேட்டபோது, யூஜினியா முகூர்த்த நாளைச் சொன்னாள். தீபலட்சுமி மீது அவளுக்குக் கோபம் எதுவும் இல்லை. அந்தப் பெண்ணை நினைக்காமலிருக்கப் பழகிக்கொண்டாள்.

கல்யாணத்தை வெளியூருக்கு மாற்றப் பார்த்தால், காரைக்குடி மண்டபங்கள் எதிலும் தை மாதத்தில் இடம் கிடைக்கவில்லை. நாட்டரசன்கோட்டைச் சம்பந்தி வீட்டார் கொதித்தார்கள். தாலி கட்டும் நேரம் தும்மலோ அழுகையோ கெட்ட சொல்லோ காதில் விழக்கூடாது என்பதற்குத்தானே கெட்டிமேளம்? அது இல்லாமல் என்ன கல்யாணம் என்று மாப்பிள்ளையின் தாய் சொல்லி அனுப்பினாள். முகூர்த்தத்துக்கு முதல் நாள் சொக்கலிங்கம் யூஜினியாவின் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"டீச்சர், நீக சொன்னா அந்த வெள்ளைக்காரப் பிள்ளை கேக்கும். தாலி கட்டுற ஒரு நிமிசம் மட்டும். மங்கலச் சத்தந்தானே?"

"குஞ்சு பொரிக்கிற நேரம்ணே."

"பழசை மனசுல வச்சுப் பேசுறீக."

"வைக்க வேற எடம் இல்லையே. அப்பாவுக்கு அழ வேண்டிய அழுகை பாதியில நிக்குது. அதை எங்குட்டு வச்சு அழப்போறேன்னு எனக்கே தெரியலண்ணே." பிறகு அவள் கேட்டாள், "நாளைக்கு நானும் வரலாம்ல?"

அவர் வாசல்படி இறங்கினார். வராதே என்று சொல்ல முடியாது. பயணிகளுக்கு மொழிபெயர்க்க அவளை விட்டால் ஆளில்லை.

பந்தலில் எல்லாரும் காதோடு காதாகப் பேசினார்கள். எழவு வீடு தோற்றது என்று மாப்பிள்ளை வீட்டுக் கிழவர் ஒருவர் முனகியது கடைசி வரிசைவரை கேட்டது. வெள்ளைக்காரர்கள் முன் வரிசையில் பயபக்தியோடு உட்கார்ந்திருந்தார்கள். அனிகா பட்டுப்பாவாடை கட்டியிருந்தாள். யூஜினியா அவளுக்குப் பக்கத்தில், மணவறைக்கு நேர் எதிரே.

தாலித் தட்டு சுற்றி வந்தது. சொக்கலிங்கம் மகளையோ மாப்பிள்ளையையோ பார்க்கவில்லை. அவர் கண் யூஜினியாவின் வாயில் இருந்தது. அவள் நகர்ந்து உட்கார்ந்தால் அவர் தோள் விறைத்தது. அவள் முந்தானையை எடுத்தால் அவர் கை துண்டை முறுக்கியது.

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தான். புரோகிதர் மந்திரத்தைத் தாழ்ந்த குரலில் முடித்துவிட்டு, பழக்கத்தில் மேளக்காரர் இருக்க வேண்டிய பக்கம் விரலை ஆட்டினார். அங்கே யாருமில்லை. கண்மாய்க்குள் குஞ்சுகள் இரைக்குக் கத்துவது மட்டும் கேட்டது.

யூஜினியா மெல்ல வாயைத் திறந்தாள். சத்தம் எதுவும் வரவில்லை. வரவைக்கும் எண்ணமும் அவளுக்கு இல்லை.

"வாயை மூடுடீ!"

மாப்பிள்ளையின் கை முதல் முடிச்சில் நின்றது. கரையோர மரங்களிலிருந்து நாரைகள் மொத்தமாக எழும்பிப் பந்தலுக்கு மேல் வட்டமடித்தன. தீபலட்சுமி தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் தாயும் பார்த்தாள், ஊரும் பார்த்தது. சொக்கலிங்கம் நின்றபடியே இருந்தார். நீட்டிய விரலை மடக்க அவருக்கு நேரமாயிற்று.

அனிகா வானத்தைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். என்ன சொன்னார் என்று யூஜினியாவிடம் கேட்டாள்.

யூஜினியா ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். பிறகு, இதையே இவர் இதற்கு முன் எப்போது, யாரிடம் சொன்னார் என்பதையும் சொன்னாள். புதுவீட்டு நாதஸ்வரத்தையும் விடவில்லை.